மான்கறியைத் திருப்பி அனுப்பாதீர்கள்

விஸ்கான்சினிலும் அதை அடுத்த மாநிலங்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாளைக்கு, உங்கள் தெருவில் பலர் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு விடியுமுன் வண்டி எடுப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். டிசம்பரில் அவர்களில் ஒருவர் வெள்ளைத் தாளில் சுற்றி உறையவைத்த பொட்டலம் ஒன்றோடு உங்கள் கதவைத் தட்டுகிறார். உங்களில் சிலர் சிரித்து மழுப்பி மறுத்துவிடுகிறீர்கள். சிலர் வாங்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் குப்பைத்தொட்டியில் போடுகிறீர்கள். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

சைவ உணவுக்காரர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. எந்த உயிரையும் தின்னமாட்டேன் என்று வாழ்நாள் முழுக்க நிற்பவர்களை வணங்குகிறேன். நான் பேசுவது ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறியும், பிரியாணிக்கு மூட்டைக் கணக்கில் கோழியும் வாங்குகிற உங்களிடம்.

நம்மவர் கூடிய ஒரு பொங்கல் விழாவுக்கு மிளகு வறுவல் செய்து கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்கள், அது மான் என்று தெரிந்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். "அந்தக் கண்ணைப் பார்த்துமாப்பா சுட மனசு வந்துச்சு?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை; அது கேட்கவேண்டிய கேள்வி. பதிலுக்குக் காத்திராமல் எல்லாரும் கலைந்துபோனதுதான் வருத்தம். அதே வாரம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றி வந்த சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. அந்தப் பெரியம்மாவின் கேள்விக்கான பதிலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

ஆமாம் பெரியம்மா, கண்ணைப் பார்த்தேன்.

வேட்டைக்குப் போன அன்று எனக்குத் துணையாக வந்தவர் டாட்ஜ்வில்லுக்கு வடக்கே பால்பண்ணை வைத்திருக்கும் நண்பர். பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் தொடாமல் விட்டுப்போன மேடுபள்ளமான நிலம் அது. மேட்டில் ஓக் மரங்கள், சரிவில் புதர், அடியில் அறுவடை முடிந்த சோளக்கொல்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்த அதே முகட்டில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு வெகுநாள் முன்பே, மாநிலத்தின் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து தேறிவிட்டு வா என்று சொல்லிவிட்டார். 1973 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த எவருக்கும் அந்த வகுப்பின் சான்றிதழோ, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வழிகாட்டியோ இல்லாமல் இங்கே வேட்டை கிடையாது. வகுப்பில் முதலில் சொல்லித்தருவது நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே நினை. குழாயின் வாயை ஆபத்தில்லாத திசையில் வை. குறியும் குறிக்குப் பின்னால் இருப்பதும் என்னவென்று உறுதியாகத் தெரிந்துகொள். சுடும் நொடி வரும்வரை விரலை விசைக்கு வெளியே வை. நண்பர் இதை மந்திரம்போல என்னைச் சொல்லவைத்தார்.

விடிந்து நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒரு கலைமான் தொலைவில் முகட்டைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் வானம் மட்டுமே தெரிந்ததால் நண்பர் தலையை அசைத்தார், விட்டுவிட்டோம். குண்டு தவறினால் எங்கே போய் விழும் என்று தெரியாத இடத்தில் சுடக்கூடாது. வெயில் ஏறிய பிறகு மூன்று பிணைமான்கள் புதரை ஒட்டி மேய்ந்துகொண்டே வந்தன. முன்னால் வந்தது பெரியது. அது பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை காத்திருந்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் சுட்டேன். ஓடியது. எழுந்து பின்னால் ஓடவேண்டும் என்று உடம்பு பதறியது. நண்பர் தோளில் கைவைத்து அழுத்தி உட்காரவைத்தார். அடிபட்ட மானைத் துரத்தினால் அது கடைசிப் பலத்தில் வெகுதூரம் ஓடித் துன்பப்பட்டுச் சாகும்; துரத்தாவிட்டால் சிறிது தூரத்திலேயே படுத்துவிடும். அரைமணி நேரம் கழித்து, பனியில் சிந்திய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கூப்பிடு தூரத்திலேயே கிடந்தது. நண்பர் ஒரு குச்சியால் அதன் திறந்த விழியை மெல்லத் தொட்டார். இமைக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

அப்போது எனக்குள் இருந்தது கொண்டாட்டம் இல்லை. அழுகையும் நன்றியும் ஒன்றாக வந்து தொண்டையை அடைத்தன. நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கறி தின்றவன் நான். எனக்காக ஒரு உயிர் போனதற்கு முழுப்பொறுப்பையும் என் கையிலேயே ஏந்தியது அந்தக் காலைதான். உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் கோழிக்கும் கண் இருந்தது. அதை யாரோ ஒரு தொழிலாளி, பலநேரம் நம்மைப்போல் வேறு நாட்டிலிருந்து வந்தவர், குளிரூட்டிய கூடத்தில் நாள் முழுக்க நின்று நமக்காகக் கொன்று வெட்டுகிறார். அந்தக் கோழி ஒருநாளும் வெயிலில் நடந்திருக்காது. இந்தப் பிணை கடைசி நொடிவரை தன் இஷ்டத்துக்கு மேய்ந்தது. இரண்டில் எதற்கு அதிகம் கலங்கவேண்டும் என்று நீங்களே மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடலெடுக்கும் வேலையை அங்கேயே முடித்து, இருவருமாகக் கயிறு கட்டிப் பனியில் இழுத்து வந்தோம். ஈரலை முதலில் தனியே எடுத்துவைத்தோம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் எல்லா வேட்டையையும் மாநில இயற்கை வளத்துறையில் பதிவு செய்தாகவேண்டும்; பதிந்தோம். பிறகு கொட்டகையில் தொங்கவிட்டு உரித்தோம். மான்கொழுப்பு ஆறியதும் மெழுகாக நாக்கில் ஒட்டும். அதனால் ஒரு இழை விடாமல் சீவி எடுக்கவேண்டும் என்பதை அன்று கற்றேன். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளச்சதை இரண்டும் ஆளுக்கொன்று. தொடைகள் ஆளுக்கொன்று. எலும்பு நீக்கி இருபது கிலோ அளவுக்குக் கறி. சுட்டவன் நான், நிலம் அவருடையது, பங்கு சரிபாதி. யாரும் யாருக்கும் பணம் தரவில்லை.

இந்தக் கடைசி வரியை வைத்துத்தான் இந்த மடலே. அமெரிக்காவில் காட்டுமானின் கறியை விற்கவோ வாங்கவோ முடியாது. உணவகத்தில் கிடைக்கும் மான்கறி பண்ணையில் வளர்த்தது, பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை வியாபாரமாக இருந்தது. நகரச் சந்தைகளுக்காகச் சுட்டுச் சுட்டு, அந்த நூற்றாண்டின் முடிவில் நாடு முழுவதிலும் வெள்ளைவால் மான் சுமார் ஐந்து லட்சமோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சியது. 1900இல் வந்த லேசி சட்டம் திருட்டு வேட்டைப் பொருள்களை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. மாநிலங்களும் விற்பனையைத் தடைசெய்தன. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான பத்து, பதினொரு சதவீத வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. இன்று அந்த மான் சுமார் மூன்று கோடி. நீங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பறவை பார்க்கும் சதுப்புநிலங்கள் பலவற்றை வாங்கிப் பேணியதில் வேட்டைக்காரர் பணத்துக்கும் பங்கு உண்டு. விற்பனையை நிறுத்தியதால் மான் பிழைத்தது. அதனால்தான் அந்தக் கறி காசுக்குக் கிடைக்காது. ஒருவர் உங்களை நம்பிக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். உங்கள் வாசலுக்கு வந்த பொட்டலம் அப்படிப்பட்டது. விடியற்காலைக் குளிரில் உறைந்து உட்கார்ந்து, தன் குடும்பத்துக்கு வைத்திருப்பதில் ஒரு பாகத்தை எடுத்து உங்களுக்குக் கொண்டுவருகிறார். திருப்பி அனுப்பும்போது எதைத் திருப்பி அனுப்புகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நம் ஆட்களுக்கு இது புதிதா என்றால், இல்லை. புறநானூற்றின் 150ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுவழியில் பசியோடும் களைப்போடும் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மான்கூட்டத்தை வேட்டையாடி, காலில் குருதி படிந்தவனாக ஒருவன் வருகிறான். புலவர் எழ முயல்வதற்குள் கைகாட்டி உட்காரவைக்கிறான். தீ மூட்டிக் கொழுத்த இறைச்சியைச் சுட்டுத் தருகிறான். தன் அணிகளையும் கழற்றிக் கொடுக்கிறான். நாடு எது, பெயர் என்ன என்று கேட்டால் சொல்லாமல் போய்விடுகிறான். அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி என்பதைப் புலவர் பிறர் சொல்லித்தான் அறிகிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக நாம் பாராட்டுகிறவன், மான் வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் முகம் தெரியாதவனுக்குக் கறி பங்கிட்டவன். அந்த மரபின் பிள்ளைகள் என்று மேடையில் சொல்லிக்கொள்கிற நாம், பண்ணைக்காரர் ஒருவர் அதையே செய்தால் முகம் சுளிக்கிறோம்.

"ஊரில் மானைத் தொட்டாலே ஜெயில், இங்கே மட்டும் எப்படிச் சரி?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புள்ளிமானை நம்பிப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. அங்கே மனிதன் துப்பாக்கியோடு போட்டிக்கு இறங்குவது அநியாயம். தெற்கு விஸ்கான்சினின் கதை வேறு. பூமா இங்கிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போய்விட்டது. ஓநாயை 1960 வாக்கில் மாநிலத்திலிருந்தே ஒழித்தார்கள். அது பின்னர் திரும்பிவந்தாலும் வடக்கிலும் நடுப்பகுதிக் காடுகளிலும்தான் பெரும்பாலும் வாழ்கிறது. சோளமும் சோயாவும் விளையும், நாம் வீடு கட்டியிருக்கும் இந்தத் தெற்கில் மானைத் தின்ன ஆளில்லை. கொல்லையில் தீனி ஏராளம். பெண்மான் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு குட்டி போடும். மிகுந்துபோன மான்கள் காட்டின் அடித்தளத்தை மேய்ந்து தீர்க்கின்றன. டிரில்லியம் பூக்கள் அருகுகின்றன, மரக்கன்றுகள் பல இடங்களில் முழங்கால் உயரம் தாண்டுவதில்லை. முளைத்த கன்றெல்லாம் வாய்க்குப் போனால் முதுமரம் சாய்ந்தபின் அந்த இடத்தில் எது வளரும்?

மேடிசனிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பராபூ பக்கம் ஆற்றங்கரையில் ஆல்டோ லியோபோல்ட் தங்கியிருந்த சிறு குடில் இன்றும் நிற்கிறது. உங்களில் பலர் போய்ப் படம் எடுத்திருக்கிறீர்கள். அமெரிக்கச் சூழலியல் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். இளமையில் தென்மேற்கு மலைகளில் ஓநாயைச் சுட்டவர். ஓநாய் போனபின் மான் பெருகி மலையையே மொட்டையடித்ததைப் பார்த்து மனம் மாறியவர். 1943இல் விஸ்கான்சின் வளப் பாதுகாப்பு ஆணையத்தில் அமர்ந்து, கொம்பில்லாத மானையும் சுட அனுமதிக்கவேண்டும் என்று வாதாடியபோது மாநிலமே அவரைத் தூற்றியது. அவர் பின்வாங்கவில்லை. பசியால் சாகும் மான்களையும், அவை தின்று தீர்த்த காட்டையும் அவர் நேரில் பார்த்திருந்தார். அவர் மறைந்த மறுவருடம், 1949இல் வெளிவந்த அவருடைய நூலைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறீர்கள். அவர் வேட்டைக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

நாட்டில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மான்மீது மோதுகின்றன. நம் பிள்ளைகள் இரவு வேலை முடிந்து வரும் சாலைகள் இவை. சாலையோரம் அடிபட்டுக் கிடந்து அழுகும் மானுக்காக யாரும் வாட்ஸ்அப்பில் கண்ணீர் விடுவதில்லை. இன்னொரு பக்கம் வேட்டைக்காரர் தொகை தேய்கிறது. 2000ஆம் ஆண்டு இந்த மாநிலத்தில் துப்பாக்கி மான்வேட்டை உரிமம் எடுத்தவர்கள் ஏழு லட்சத்தை நெருங்கினார்கள். இப்போது ஐந்தரை லட்சம் அளவில் இருக்கிறார்கள். என் நண்பரின் மகன்கள் இருவரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அந்த முகட்டில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்ததால்தான் எனக்குக் கிடைத்தது. அவர் அதை வெளியே சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்.

அச்சத்துக்கு நியாயமான இடமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். மான்களைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2002இல் மவுண்ட் ஹோரெப் பக்கம் இந்த மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. உருக்குலைந்த பிரியான் என்ற புரதத்தால் வருவது, சமைத்தால் அழியாது. டாட்ஜ்வில் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் வயதுவந்த கலைமான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த நோய் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியை உண்ணவேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. எங்கள் பிணையின் கழுத்து நிணநீர்க்கணுக்களை இலவசச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனி அடுக்கில் உறையவைத்தோம். நோய் காணப்படவில்லை என்று வந்த பிறகே அடுப்பில் ஏற்றினோம். நீங்கள் கறி வாங்கும்போது "சோதனை பண்ணியாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபப்படமாட்டார்கள், விவரம் தெரிந்தவர் என்று மதிப்பார்கள். "ஈயத் தோட்டாவா, செம்புத் தோட்டாவா?" என்றும் கேளுங்கள். ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறும்; 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த கொத்துக்கறியில் ஈயத்துகள்கள் எக்ஸ்ரேயில் தெரிந்தபின் அதை ஒதுக்கச் சொன்னார்கள். வீட்டில் சின்னப்பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புத் தோட்டாவால் விழுந்ததை மட்டும் வாங்குங்கள்.

இனி நான் உங்களிடம் வேண்டுவது.

அடுத்த டிசம்பரில் பொட்டலம் வந்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். தொடைக்கறி என்றால் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் அரைத்துப்போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சிறுதீயில் நெடுநேரம் வேகவையுங்கள். கொழுப்பில்லாத கறி, அவசரப்பட்டால் நாராகிவிடும். முதுகுச்சதை என்றால் நேர்மாறு; மெல்லியதாக அரிந்து சூடான கல்லில் சில நிமிடம் போதும். பாட்டி வீட்டு முறையில் உப்புக்கண்டம் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். அந்தக் குழம்பில் ஒரு கிண்ணத்தை, பொட்டலம் கொடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். என் நண்பரின் மனைவி காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய இரண்டாம் கரண்டி கேட்டார். அந்த வீட்டில் இப்போது எனக்கு முன்வாசல் கிடையாது; அடுக்களைக் கதவு வழியாகத்தான் போகிறேன்.

உங்கள் நகரசபையில் பூங்காக்களில் கட்டுப்படுத்திய மான்வேட்டை பற்றிப் பேச்சு வரும்போது, எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கூட்டத்துக்கு நேரில் போங்கள். வன அலுவலரையும் விவசாயியையும் பேசவிட்டுக் கேளுங்கள். கேட்டபின்பும் எதிர்த்தால், அந்த எதிர்ப்பை நான் மதிப்பேன்.

உங்களில் ஓரிருவருக்காவது, குறிப்பாகக் கறி தின்னும் வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, இன்னொரு வேண்டுகோள். ஒருமுறையாவது வேட்டைக்குப் போங்கள். நில உரிமையாளரிடம் வாய்விட்டு அனுமதி கேட்டுப் போங்கள். இந்த மாநிலத்தில் நில எல்லைத் தகராறு உயிர்ப்பலியில் முடிந்த துயரம் உண்டு, நம் தோல் நிறத்துக்கு அந்த எச்சரிக்கை கூடுதலாகவே தேவை. இடுப்புக்கு மேலே உடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இருக்கவேண்டும். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். கூட்டாட்சிச் சட்டம் உங்களைப் பொதுவாகத் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விதிவிலக்கு இருக்கிறது. வில் கற்க விரும்பினால் அதற்குத் தனிப் பருவமே செப்டம்பரில் தொடங்கிவிடும். சுட மனம் வராதவர்கள் இழுக்கவும் உரிக்கவும் கூடப் போங்கள். அந்தக் கைக்கும் பங்கு உண்டு.

பாதுகாப்பு வகுப்புகள் கோடையிலேயே நிறைந்துவிடும். ஆகஸ்டுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். உங்கள் தெருவில் ஆரஞ்சுச் சட்டை காயப்போட்டிருக்கும் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். அவரும் யாராவது கேட்பார்களா என்றுதான் இருப்பார்.

அன்புடன்,
மேடிசனிலிருந்து உங்களில் ஒருவன்